உயரத்தை அளந்தது போதும்: குழந்தைகள் மருத்துவப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழந்தைகள் மருத்துவப் பிரிவின் தலைவருக்கும், பரிசோதனை விதிமுறைகளை முடிவு செய்யும் குழுவினருக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய நான்கு வரிப் பதில் கிடைத்தது. கை, கால் எலும்புகள் குட்டையாகவே நின்றுவிடும் அகோண்ட்ரோபிளாசியா என்ற மரபணு நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களிலேயே கழுத்தில் எம்ஆர்ஐ ஸ்கேனும், இரவு முழுக்க மூச்சைக் கவனிக்கும் தூக்க ஆய்வும் செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தேன். அறிகுறிகள் தென்பட்டால் மட்டுமே பரிந்துரைப்போம், எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மடல் அந்தத் ‘தென்பட்டால்’ என்ற சொல்லைப் பற்றியது. யார் கண்ணுக்குத் தென்பட்டால்? எத்தனை மணிக்கு?

என் மகளுக்கு இப்போது ஆறு வயது. மூன்றாவது வாரத்தில் எக்ஸ்ரே எடுத்து, நோயின் பெயரைச் சொன்னது உங்கள் பிரிவுதான். அதை உடனே கண்டுபிடித்ததற்கு உங்களுக்கு நான் கடன்பட்டவன். அதற்குப் பிறகு ஏழு மாதம் உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தோம். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஒவ்வொரு முறையும் முதலில் நீளம் அளப்பார்கள். மரப்பலகையில் படுக்கவைத்து, முழங்காலை அழுத்தி, சிலிர்த்துக்கொண்டு அழும் குழந்தையின் பாதத்தைப் பலகையில் ஒட்டவைத்து அளப்பார்கள். பிறகு வளர்ச்சி அட்டையை எடுத்துப் புள்ளி வைப்பார்கள். அந்த அட்டையில் கீழிருந்து மேலாக வளைந்து போகும் கோடுகள் உண்டு இல்லையா? என் மகளின் புள்ளி அந்தக் கோடுகளுக்கெல்லாம் கீழே, ஒன்றும் அச்சடிக்காத வெள்ளை இடத்தில் விழுந்தது. மூன்றாம் மாதத்தில் அது அட்டையின் ஓரத்துக்கே போய்விட்டது. தலைச் சுற்றளவின் புள்ளியோ மேல் கோட்டையும் தாண்டி நின்றது. செவிலியர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அட்டையை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டார்கள்.

இந்த நோய்க்கென்றே தனி வளர்ச்சி வரைபடங்கள் இருக்கின்றன. 1978-ஆம் ஆண்டிலேயே வெளியானவை. தலை அளவுக்கும் தனியாக உண்டு. அகோண்ட்ரோபிளாசியா உள்ள குழந்தைக்குத் தலை பெரிதாக இருப்பது இயல்பு. ஆனால் அந்தத் தனி வரைபடத்தின் கோட்டையும் தாண்டித் தலை வேகமாகப் பெருத்தால் உள்ளே நீர் கோர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். பொது அட்டையில் புள்ளி வைத்தால் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? 1978-இல் அச்சானது இன்னும் உங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை என்பதை நம்பத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கோப்பின் மேலட்டையில் பென்சிலால் ‘குள்ளம்’ என்று எழுதியிருந்தார்கள். முதலில் அது மனதைச் சுட்டது. அப்புறம்தான் அதைவிடப் பெரிய கெடுதல் எது என்று புரிந்தது. கோப்பைக் கையில் எடுத்த ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைப் படித்தார்கள். குள்ளம், சரி, உயரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த மூன்று மாதம் கழித்து வாருங்கள். அந்த ஒரு சொல்லோடு யோசனை நின்றுபோனது.

“உங்கள் வீட்டில் யாராவது குள்ளமாக இருக்கிறார்களா?” என்று ஏழு மாதத்தில் ஐந்து முறை கேட்டார்கள். எங்கள் இரண்டு பக்கத்திலும் யாரும் இல்லை. இந்த நோயோடு பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 80 பேருக்குப் பெற்றோர் சராசரி உயரம்தான். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து புதிதாக மாறுவதால் வருவது இது. 1994-இல் கண்டுபிடித்தார்கள். புதிதாக மாறும்போது அது பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில்தான் மாறுகிறது, தந்தையின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. எனக்கு அப்போது 41 வயது. ஆக, என்னிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அதை நானே படித்துத் தெரிந்துகொண்டேன், அதற்காக எத்தனை இரவு விழித்திருந்தேன் என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கேள்வியை ஐந்தாம் முறை கேட்ட நேரத்தில் யாராவது ஒருவர் என் மகளின் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கிப் பார்த்திருக்கலாம்.

ஏன் பாதம் என்று சொல்கிறேன். அவளுக்கு எண்ணெய் தடவும்போது பாதத்தை லேசாக மேலே அழுத்தினால் அது தட், தட், தட் என்று தானாகவே துடிக்கும். ஆறேழு முறை துடித்து நிற்கும். விளையாடுகிறாள் என்று நினைத்தோம். நானும் வேண்டுமென்றே அழுத்தி, அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறேன். தண்டுவடம் மேலே எங்கோ நசுங்கும்போது கால் அப்படித் துடிக்கும் என்று பின்னால் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் சொன்னார். அவர் முன்னால் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

உங்களுக்குத் தெரியாத மருத்துவம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் விதிமுறையை எழுதுகிறவர்கள் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்று தோன்றுவதால் எழுதுகிறேன். அந்த மரபணுவின் வேலை எலும்பு வளர்ச்சிக்குப் பிரேக் போடுவது. இவர்களுக்கு அந்தப் பிரேக் எப்போதும் அழுத்தியபடியே இருக்கிறது. அதனால் குருத்தெலும்பாக இருந்து எலும்பாக மாறுபவை எல்லாம் குட்டையாக நின்றுவிடுகின்றன. கை, கால் அப்படித்தான். மண்டையோட்டின் மேற்கூரை குருத்தெலும்பிலிருந்து உருவாவதில்லை, அதனால் அது நன்றாக வளர்கிறது. ஆனால் மண்டையோட்டின் அடித்தளம் குருத்தெலும்பிலிருந்துதான் உருவாகிறது. மூளைத்தண்டு கீழே இறங்கித் தண்டுவடமாகும் பெருந்துளை அந்த அடித்தளத்தில் இருக்கிறது. கை குட்டையானது எந்தக் காரணத்தாலோ அதே காரணத்தால் அந்தத் துளையும் குறுகிப்போகிறது. மூச்சுக்குக் கட்டளை போகும் வழி அதுதான். ஏழு மாதம் என் மகளின் கையையும் காலையும் அளந்த நீங்கள் அந்தத் துளையை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஏழாம் மாதத்தில் ஓர் இரவு. அவள் எப்போதும் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, மோவாய் மேலே தூக்கியிருக்கத் தூங்குவாள். அழகாக இருக்கிறது என்று படங்கள்கூட எடுத்திருக்கிறோம். அன்றைக்கு எனக்கு ஏதோ விழிப்புத் தட்டியது. சத்தம் கேட்டு எழவில்லை, சத்தம் இல்லாததால் எழுந்தேன் என்று நினைக்கிறேன். போன் வெளிச்சத்தில் பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை, மார்பு அசையவில்லை. கையை வைத்தேன். பிறகு ஒரு இழுப்பு இழுத்து மூச்சு வந்தது. போனில் ஸ்டாப்வாட்ச்சைப் போட்டு எண்ண ஆரம்பித்தேன். 11 நொடி. 14. 9. 22. விடியும்வரை எண்ணினேன். மனைவி கேட்டபோது சளி மாதிரி இருக்கிறது, நீ தூங்கு என்று பொய் சொன்னேன்.

காலையில் அந்த வீடியோவோடு உங்களிடம் வந்தோம். பணியில் இருந்த மருத்துவர் இளைஞர், பொறுமையாகத்தான் பார்த்தார். கைக்குழந்தைகளின் மூச்சு அப்படித்தான் விட்டு விட்டு வரும், பயப்படாதீர்கள் என்றார். சாதாரணக் குழந்தைக்கு அது ஓரளவு உண்மைதான், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது என்று அவருக்குச் சொல்லித்தரும் ஒரு தாள் உங்கள் பிரிவில் இல்லை. கோப்பில் இருந்ததெல்லாம் பென்சிலில் எழுதிய அந்த ஒரு சொல்தான்.

வேறோர் ஊரில் இன்னொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு தூக்க ஆய்வு, மறுநாள் எம்ஆர்ஐ. அறுவை மருத்துவர் ஒரு தாளில் முதலில் ஒரு வட்டம் வரைந்து அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். துளை இப்படி இருக்க வேண்டும், தண்டுவடத்தைச் சுற்றி நீர் ஓட இடம் இருக்க வேண்டும் என்றார். பக்கத்தில் இன்னொன்று வரைந்தார். அது வட்டமாக இல்லை, சாவித்துவாரம் மாதிரி இருந்தது. இது உங்கள் மகளுடையது, சுற்றிலும் நீரே தெரியவில்லை என்றார். ஒன்பதாம் மாதத்தில் பின்மண்டையின் விளிம்பு எலும்பைக் கொஞ்சம் வெட்டியெடுத்து அந்தத் துளையை அகலப்படுத்தினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஓர் இரவு அவள் தலையை நேராக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. கழுத்தை அப்படி வளைத்தால்தான் மூச்சு வந்தது என்பதால் அத்தனை மாதமும் வளைத்துக் கிடந்திருக்கிறாள்.

கண்காணிக்காமல் விட்டால் இந்த நோய் உள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேர் வரை முதல் ஆண்டிலேயே திடீரென்று இறக்கக்கூடும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 1987-இல் வந்த ஓர் ஆய்வு அதற்கும் மேல், 7.5 வரை போனது. நோய் உறுதியானவுடனேயே நரம்புப் பரிசோதனை, கழுத்து ஸ்கேன், தூக்க ஆய்வு மூன்றையும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் செய்யச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஸ்கேனில் தண்டுவடம் நசுங்கியிருப்பது தெரிந்தும் வெளியில் எந்த அடையாளமும் காட்டாத குழந்தைகள் உண்டு. அறிகுறி தென்படட்டும் என்று காத்திருந்தால் அவர்களை எப்போது கண்டுபிடிப்பீர்கள்? சில வீடுகளில் முதல் அறிகுறியே இறப்புதான்.

தேவையற்றது என்று நீங்கள் எழுதியதற்குப் பின்னால் என்ன காரணங்கள் இருக்கும் என்று நானே யோசித்துப் பார்த்தேன். ஸ்கேன் கருவிக்கு வரிசை நீளம் என்பது ஒன்று. இந்த நோய் ஏறத்தாழ 25,000 பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது. உங்கள் பிரிவுக்கு ஆண்டு முழுவதும் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? ஒரு கை விரல்களே மிச்சம். இன்னொன்று மயக்க மருந்து. அது நியாயமான பயம், இந்தக் குழந்தைகளின் கழுத்தை மயக்கத்தில் பின்னால் வளைப்பதே ஆபத்து என்பதும் தெரியும். ஆனால் இளங்குழந்தைக்கு வயிறு நிறையப் பாலைக் கொடுத்து, இறுக்கமாகத் துணியில் சுற்றி, அது தூங்கும்போதே மயக்க மருந்து இல்லாமல் ஸ்கேன் எடுக்கும் முறை இருக்கிறது. முதல் சில மாதங்களில்தான் அது எளிது. அறிகுறிக்காகக் காத்திருந்து எட்டாம் மாதம் எடுக்கும்போதுதான் மயக்க மருந்து கட்டாயமாகிறது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாதத்தில் உங்கள் உடற்பயிற்சிப் பிரிவில், மற்றக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருக்கிறாள், தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவையுங்கள் என்றார்கள். இவர்களுக்குச் செய்யக்கூடாதது அதுதான். முதுகுத் தசை பலப்படும் முன் உட்காரவைத்தால் கனமான தலை முன்னால் சாய்ந்து முதுகு கூனிவிடும். இவர்கள் நடப்பதே ஒன்றரை வயதுக்கு மேல்தான், சிலர் இரண்டைத் தாண்டியும் நடப்பார்கள், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மூன்று வயதில் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிடிவாதக்காரி என்று நாங்களே திட்டினோம். காதுக்குள் நீர் கட்டியிருந்தது. இவர்களுக்கு நடுக்காதுத் தொந்தரவு அடிக்கடி வரும் என்பதால் காது கேட்கிறதா என்று தொடர்ந்து பார்க்க வேண்டுமாம். அதையும் வேறு இடத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

சென்ற ஆண்டு உங்கள் அரங்கில் பெற்றோருக்கான கூட்டம் ஒன்று நடத்தினீர்கள். உயரம் கூடுவதற்காக 2021-இல் ஒப்புதல் கிடைத்த வோசோரிடைடு ஊசி பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். தினமும் தோலுக்கடியில் போட வேண்டிய ஊசி அது. எலும்பு நீள்வதற்கு இடமான, எலும்பு முனையில் இருக்கும் வளர்தட்டுகள் மூடும்வரைதான் பலன். பெரிய சோதனையில் ஊசி போட்ட குழந்தைகள் போடாதவர்களைவிட ஓராண்டில் சுமார் 1.6 செமீ கூடுதலாக வளர்ந்தார்கள். நல்ல விஷயம், வேண்டும் என்கிற குடும்பத்துக்குக் கிடைக்கட்டும், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் கழுத்து என்ற சொல்லே வரவில்லை. பின்வரிசையில் பத்து வாரக் குழந்தையோடு ஓர் இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து பேசினேன். ஸ்கேன் எடுத்தாயிற்றா தம்பி என்று கேட்டேன். தேவைப்பட்டால் பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார் அண்ணா என்றார். அந்தத் தாயின் மடியில் குழந்தை தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கும் பிறகு வேறு ஊரில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். அன்று ஆரம்பித்தேன் உங்களுக்குக் கடிதம் எழுத. மூன்று கடிதத்துக்கும் சேர்த்து வந்ததுதான் அந்த நான்கு வரி.

இப்போது நான் கேட்பவை.

உங்கள் விதிமுறையிலிருந்து ‘அறிகுறிகள் தென்பட்டால் மட்டுமே’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அகோண்ட்ரோபிளாசியா என்று உறுதியான நாளிலேயே நரம்புப் பரிசோதனை செய்து, கழுத்து எம்ஆர்ஐக்கும் தூக்க ஆய்வுக்கும் தேதி கொடுத்து அனுப்புங்கள். இயன்றவரை மயக்க மருந்து இல்லாமல் எடுங்கள். உங்களிடம் தூக்க ஆய்வு வசதி இல்லையென்றால் எங்கே இருக்கிறதோ அங்கே நீங்களே பேசி அனுப்புங்கள், பெற்றோரைத் தேடவிடாதீர்கள்.

இந்த நோய்க்கான வளர்ச்சி வரைபடங்களையும் தலை வரைபடத்தையும் அச்சிட்டு அந்தக் கோப்புகளில் வையுங்கள். பென்சிலில் எழுதுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாகக் கோப்பின் முதல் பக்கத்தில், மயக்க மருந்து கொடுப்பவரும் இரவுப் பணி மருத்துவரும் பார்க்கிற மாதிரி, ‘கழுத்தைப் பின்னால் வளைக்காதீர்கள், மூச்சு நின்றதாகப் பெற்றோர் சொன்னால் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒட்டுங்கள்.

பெற்றோர் கையில் கொடுக்க ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். சீக்கிரம் உட்காரவைக்க வேண்டாம், பாதம் துடித்தால் சொல்லுங்கள், தூங்கும்போது வேர்த்தால் சொல்லுங்கள், காதைச் சோதியுங்கள் என்று அதில் இருந்தால் போதும். எழுதித்தர ஆள் இல்லையென்றால் நான் எழுதித்தருகிறேன், நீங்கள் திருத்துங்கள்.

கடைசியாக ஒன்று, இது விதிமுறைக் கூட்டம்வரை காத்திருக்கக்கூடாது. இந்த நோயோடு உங்கள் பதிவேட்டில் இப்போது இருக்கும், இரண்டு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளின் வீட்டுக்கும் இந்த வாரமே போன் செய்து ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்கள். எத்தனை பேரை அழைத்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று 30 நாட்களுக்குள் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். பழைய முடிவுதான் நீடிக்கிறது என்றால், இரவு இரண்டு மணிக்கு அந்தக் குழந்தைகளின் மூச்சை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவில் ஏழு மாதம் காட்டிய ஒரு குழந்தையின் தந்தை